அந்தக் கப்பல் பார்க்காமல் போனதில் பொய் எதுவும் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் 'ஆல் இஸ் லாஸ்ட்' படம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 2013இல் வந்த படத்தை ஞாபகம் வைத்து அரைப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஒரே ஒரு நடிகர், பெயர்கூடச் சொல்லப்படாத ஒரு மனிதர், விரல் விட்டு எண்ணிவிடக்கூடிய வசனங்கள், சுற்றிலும் தண்ணீர். மறைந்த ராபர்ட் ரெட்ஃபோர்ட் எழுபத்தைந்தை ஒட்டிய வயதில் நனைந்து, உருண்டு, அடிபட்டு நடித்திருப்பதை உங்கள் கட்டுரையாளர் மனம் விட்டுப் பாராட்டியிருந்தார். அதில் எனக்கு முழு உடன்பாடு.

ஒரு பத்தியில்தான் உடன்பாடு இல்லை. படகு மூழ்கி, ரப்பர் தெப்பத்தில் மிதந்துகொண்டிருக்கும் அந்த மனிதரைக் கடந்து இரண்டு கன்டெய்னர் கப்பல்கள் போகின்றன. அவர் தீச்சுடர் கொளுத்திக் காட்டுகிறார், கத்துகிறார். கப்பல்கள் பாட்டுக்குப் போய்விடுகின்றன. "அத்தனை பெரிய கப்பலில் ஒருவர் கண்ணிலும் படாதா? நம்மை அழ வைப்பதற்காகத் திணித்த காட்சி" என்று கட்டுரையாளர் எழுதிவிட்டார். சரக்குக் கப்பல்களில் மூன்றாம் அதிகாரியாகச் சேர்ந்து கேப்டனாக ஓய்வு பெற்றவன் நான். படத்தில் குறை சொல்ல எனக்கும் சில விஷயங்கள் இருக்கின்றன, பிறகு வருகிறேன். ஆனால் படத்திலேயே அச்சு அசலாக இருப்பது அந்த இரண்டு கப்பல்களும் நிற்காமல் போவதுதான்.

பெரிய கன்டெய்னர் கப்பலின் பிரிட்ஜ், அதாவது கப்பலை ஓட்டும் அறை, கடல் மட்டத்திலிருந்து முப்பத்தைந்து, நாற்பது மீட்டர் உயரத்தில் இருக்கும். அங்கே நின்றால் அடிவானம் ஏறத்தாழ 12 கடல் மைல் தள்ளித் தெரியும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பன்னிரண்டு மைலுக்குள் என்ன தெரியும் என்பது வேறு கணக்கு. இரண்டரை மீட்டர் அகலத் தெப்பம் ஒன்றை இரண்டு மைலுக்கு அப்பால் வைத்தால், நீட்டிய கையில் பிடித்திருக்கும் அளவுகோலில் அரை மில்லிமீட்டர்கூடத் தேறாது. அந்தப் புள்ளியும் நிலையாக இருக்காது. இரண்டு மீட்டர் அலை இருந்தாலே போதும், தெப்பம் பாதி நேரம் பள்ளத்துக்குள் கிடக்கும். அலை முகட்டுக்கு ஏறும் அந்த ஓரிரு விநாடியில் பார்ப்பவரின் கண் அதே திசையில் இருக்க வேண்டும்.

முன்பக்கம் அடுக்கியிருக்கும் பெட்டிகள் வேறு மறைக்கும். கப்பலின் மூக்குக்கு முன்னால் கடல்பரப்பு எவ்வளவு தூரம் மறைந்திருக்கலாம் என்பதற்கு சோலாஸ் எனப்படும் உலகக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தத்திலேயே விதி உண்டு. கப்பலின் நீளத்தைப் போல் இரண்டு மடங்கு அல்லது 500 மீட்டர், இரண்டில் எது குறைவோ அதற்கு மேல் மறையக்கூடாது. அப்படியென்றால் அரை கிலோமீட்டர் வரை மறையலாம் என்று சட்டமே ஒத்துக்கொள்கிறது. 20 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 20 கடல் மைல் போகும் கப்பல் அந்த 500 மீட்டரை ஒரு நிமிடத்துக்குள் கடந்துவிடும். மூக்குக்கு நேரே தெப்பம் கிடந்தால் கடைசி ஒரு நிமிடம் அது யார் கண்ணுக்கும் தெரியாது.

அப்புறம், பிரிட்ஜில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? கேப்டன் எந்நேரமும் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, கழுத்தில் பைனாகுலரோடு நிற்பார் என்று சினிமா பார்த்தவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். நடுக்கடலில் கப்பலை ஓட்டுவது ஆட்டோ பைலட். நான்கு மணி நேரத்துக்கு ஒரு அதிகாரி வாட்ச், அதாவது காவல் பணி, பார்ப்பார். இரவில் அவரோடு ஒரு மாலுமியும் நிற்பார். பகலில், வானிலை நன்றாக இருந்து போக்குவரத்தும் இல்லையென்றால், அதிகாரி தனியாகவே நிற்கலாம் என்று விதியே அனுமதிக்கிறது. அந்தத் தனி ஆள் வெளியே பார்க்க வேண்டும், ரேடார் பார்க்க வேண்டும், லாக் புத்தகம், அதாவது கப்பலின் நாட்குறிப்பு, எழுத வேண்டும், அடுத்த துறைமுகத்துக்கான தாள்களை நிரப்ப வேண்டும், நடுவில் ஏதாவது அலாரம் கத்தினால் போய் அமர்த்த வேண்டும். கண்ணும் காதும் எப்போதும் வெளியே இருக்க வேண்டும் என்பது கப்பல் மோதல் தடுப்பு விதிகளில் ஐந்தாவது. பரீட்சையில் எல்லோரும் ஒப்பிப்போம்.

ஒரு மாலை நான்கு முதல் எட்டு வாட்ச். சூரியன் நேர் எதிரே இறங்கிக்கொண்டிருந்தது, தண்ணீர் முழுக்கத் தகரம் போலப் பளபளப்பு. முன் கண்ணாடியில் காய்ந்த உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. நன்னீர் பீய்ச்சி வைப்பரை ஓட்டினால் முதலில் குழம்பிப் பிறகுதான் தெளியும். அப்படித் தெளிந்த கணத்தில், வலப்பக்கம் முக்கால் மைலில் நீல நிற பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்று மிதப்பது தெரிந்தது. நல்ல பெரிய பீப்பாய். பைனாகுலரை எடுக்கத் திரும்பினேன். அது கைக்கெட்டும் பெட்டியில்தான் இருந்தது. கண்ணில் வைத்துத் தேடினால் பீப்பாய் இல்லை. இருக்கும் இடம் தெரியும், திசை தெரியும், அமைதியான கடல், தேடுபவன் வேலை தெரிந்தவன். மறுபடி கண்ணில் பட்டபோது அது எங்களைத் தாண்டிப் பின்னால் போய்விட்டிருந்தது. அதில் ஆள் யாரும் இல்லை, வெறும் பீப்பாய்தான். ஆனால் தெப்பத்தில் இருப்பவரின் கதியை எந்தப் பயிற்சி வகுப்பையும்விட அந்தப் பீப்பாய்தான் எனக்கு விளங்க வைத்தது.

ரேடார் இருக்கிறதே என்பீர்கள். ரேடார் அலை இரும்பில் பட்டால் திரும்பி வரும். ரப்பரிலும் துணிக்கூரையிலும் பட்டுப் பெரிதாக எதுவும் திரும்புவதில்லை. போதாக்குறைக்கு அலைகளே திரையில் கப்பலைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக இறைந்து கிடக்கும். அந்தக் குப்பையைக் குறைக்க ஒரு குமிழைத் திருகுவோம். குப்பையோடு சேர்ந்து தெப்பமும் போய்விடும். தெப்பத்தில் சார்ட் என்ற கருவி இருந்தால் கதையே வேறு. கப்பலின் ரேடார் அலை பட்டதும் அது பதில் கொடுக்கும், திரையில் ஒரே வரிசையில் பன்னிரண்டு புள்ளிகள் விழும். அதைப் பார்த்த எந்த அதிகாரியும் கேப்டனை எழுப்பாமல் இருக்க மாட்டார்.

தீச்சுடர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கட்டுரையாளர் அவற்றை ஏதோ கலங்கரை விளக்கம் ரேஞ்சுக்கு எழுதியிருக்கிறார். கையில் பிடிக்கும் சிவப்புச் சுடர் எரிவது ஒரு நிமிடம். பாராசூட் ராக்கெட் 300 மீட்டர் உயரம் ஏறி வெடித்து, குடை விரித்து, 40 விநாடி எரிந்துகொண்டே இறங்கும். பகலில் காட்டும் ஆரஞ்சுப் புகை மூன்று நிமிடம். கப்பல்களில் வைக்கும் முழு வசதித் தெப்பத்தில் இருப்பவை நான்கு ராக்கெட், ஆறு கைச்சுடர், இரண்டு புகைக்குப்பி. எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கொளுத்தினாலும் கால் மணி நேரம்கூட முழுதாகத் தேறாது, அவ்வளவே. அந்த நாற்பது விநாடியில் அதிகாரி லாக் புத்தகத்தின் மேல் குனிந்திருந்தால் ராக்கெட் ஒன்று வீண். அதனால்தான் பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்வார்கள்: கப்பல் உன்னை நோக்கி வரும்போது கொளுத்து, அதன் பிரிட்ஜ் உன்னைத் தாண்டிய பிறகு கொளுத்தாதே. ஓடும் கப்பலில் பின்னால் திரும்பிப் பார்ப்பவர் அபூர்வம். தவித்துக் கிடப்பவருக்கோ கப்பல் போய்விடுகிறதே என்ற பதற்றத்தில் தாண்டிய பிறகுதான் கை பரபரக்கும்.

பார்த்தும் பார்க்காதது போல் போகிற கேப்டன்கள் உலகத்தில் இல்லை என்று நான் சத்தியம் செய்யப்போவதில்லை. ஆபத்தில் இருப்பவரைப் பற்றித் தெரிந்தால் முழு வேகத்தில் போய் உதவ வேண்டும், முடியாவிட்டால் ஏன் முடியவில்லை என்று லாக்கில் எழுத வேண்டும் என்று சோலாஸ் சொல்கிறது. அதை மீறியவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் மனிதாபிமானம் செத்துவிட்டது என்று எழுதுவது, அரை மில்லிமீட்டர் புள்ளியைக் காணாதவரைக் கொலைகாரர் ஆக்குவது மாதிரி.

நிஜத்தில் நடந்தவற்றைப் பாருங்கள். 1982இல் ஸ்டீவன் கலஹன் என்ற அமெரிக்கர் கேனரித் தீவுகளிலிருந்து தனியாகப் பாய்மரப் படகில் கிளம்பி, ஒரு வாரத்திலேயே படகு மூழ்கி, தெப்பத்தில் 76 நாள் அட்லாண்டிக் பெருங்கடலில் மிதந்தார். பல கப்பல்கள் அவரைக் கடந்தன. சுடர் காட்டினார், ஒன்றும் நிற்கவில்லை. கடைசியில் கரீபியனில் மாரி கலாண்ட் தீவின் மீனவர்கள் அவரைக் கண்டுபிடித்தார்கள். எதைப் பார்த்து வந்தார்கள் தெரியுமா? பறவைகளைப் பார்த்து. தெப்பத்துக்கு அடியில் நாள்போக்கில் மீன்கள் கூடிவிட்டன, மீன் இருக்கும் இடத்தில் பறவை வட்டமிடும், பறவை வட்டமிடும் இடத்துக்கு மீனவர் வருவார். நெருங்கிய பிறகுதான் அங்கே ஒரு மனிதர் இருப்பதே அவர்களுக்குத் தெரிந்தது.

அதற்கும் முன்னால், இரண்டாம் உலகப் போரின்போது, பூன் லிம் என்ற சீனப் பணியாளர். அவர் வேலை பார்த்த பென்லோமண்ட் என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பலை 1942 நவம்பரில் ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தது. மரத் தெப்பத்தில் தன்னந்தனியாக 133 நாள். டார்ச் லைட்டின் கம்பிச்சுருளை வளைத்துத் தூண்டில் முள் செய்தார், கித்தான் துணியை விரித்து மழைநீர் பிடித்தார். ஒரு சரக்குக் கப்பல் பக்கத்தில் வந்தும் நிற்காமல் போனதாக அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். போர்க்காலத்தில் நடுக்கடலில் நிற்கிற கப்பல் நீர்மூழ்கிக்குச் சுலபமான குறி; அந்தக் கேப்டனின் மனதில் என்ன ஓடியதோ. 1943 ஏப்ரலில் பிரேசில் கரைக்கு அருகே மீனவர்கள்தான் அவரையும் எடுத்தார்கள்.

இரண்டு பேரையும் எடுத்தது சின்னப் படகு மீனவர்கள் என்பதைக் கவனியுங்கள். மீனவர் தண்ணீரோடு தண்ணீராக இருக்கிறார், மெதுவாகப் போகிறார், நாள் முழுக்க அவர் பார்ப்பதே தண்ணீரைத்தான். நாங்கள் பதின்மூன்று மாடி உயரத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தோம்.

கட்டுரையின் முடிவில் "மன உறுதி இருந்தால் கடலையும் வெல்லலாம்" என்று வருகிறது. இதைப் படித்ததும்தான் இந்தக் கடிதத்தை எழுதியே தீருவது என்று உட்கார்ந்தேன். மன உறுதி வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. நம் சிறுநீரகத்தால் அந்த அடர்த்தியில் உப்பை வெளியேற்ற முடியாது. குடித்த தண்ணீரைவிட அதிகத் தண்ணீரைச் செலவழித்துத்தான் உப்பைக் கழுவித் தள்ளும். எவ்வளவு திடமான மனதும் இந்தக் கணக்கை மாற்றாது. கலஹனைக் காப்பாற்றியது சூரிய வெப்பத்தில் கடல்நீரை ஆவியாக்கி நன்னீர் சொட்ட வைக்கும் கருவி. அதோடு அவர் நாள் முழுக்க மல்லாடியதில் கிடைத்தது அரை லிட்டரை ஒட்டிய தண்ணீர். படத்திலும் இது அழகாக வருகிறது. கேனில் இருக்கும் குடிநீரில் கடல்நீர் கலந்துவிட்டது என்று தெரிந்ததும்தான் அந்த மனிதர் முதன்முறையாக வாய்விட்டுக் கத்துகிறார். புயலுக்குக் கத்தவில்லை, படகு மூழ்கியதற்குக் கத்தவில்லை. பிறகு அவரும் வெயிலைக்கொண்டு நன்னீர் எடுக்கப் பழகிக்கொள்கிறார். அந்த இடத்தை உங்கள் கட்டுரையாளர் ஒரு வரிகூடத் தொடவில்லை.

மன உறுதிக்குப் பஞ்சமே இல்லாத ஒருவரைச் சொல்கிறேன். அப்போது இந்தியக் கடற்படை அதிகாரியாக இருந்த அபிலாஷ் டோமி. 2018 கோல்டன் குளோப் பாய்மரப் படகுப் பந்தயத்தில் தனியாளாக உலகைச் சுற்றக் கிளம்பியவர். செப்டம்பர் 21 அன்று தெற்கு இந்தியப் பெருங்கடலில் புயலில் படகு புரண்டு, பாய்மரம் முறிந்து, முதுகில் பலத்த அடி. ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து ஏறக்குறைய 1,900 கடல் மைல் தூரம். படுக்கையை விட்டு அசைய முடியாத மனிதர் எந்தச் சுடரைக் கொளுத்துவார், எந்தக் கப்பலைப் பார்த்துக் கையாட்டுவார்? ஆனால் அவர் எங்கே இருக்கிறார் என்பது கரையில் இருப்பவர்களுக்குத் தெரிந்தது. படகில் இருந்த கருவி இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது, குறுஞ்செய்தி அனுப்ப ஒரு வழி இருந்தது. இந்தியக் கடற்படையின் 'பி-8ஐ' என்ற கண்காணிப்பு விமானம் மேலே பறந்து படகைப் பார்த்துவிட்டது. 24ஆம் தேதி ஒசிரிஸ் என்ற பிரெஞ்சு மீன்வள ரோந்துக் கப்பல் அவரைத் தூக்கிக்கொண்டது. அதே டோமி அடுத்த பந்தயத்தில், 2023இல், இரண்டாவதாக வந்து முடித்தார். அந்த உறுதிக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் 2018இல் அவர் உயிரோடு வந்ததற்குக் காரணம், அவர் கிடக்கும் இடம் ஊருக்கெல்லாம் தெரிந்ததுதான்.

படத்தின் மீது என் குறையும் இதுதான். நிலத்துக்கு அத்தனை தூரம் தள்ளித் தனியாகப் போகிற, படகைப் பற்றி நன்றாகத் தெரிந்த மனிதரிடம் ஈபர்ப் ஒன்று இல்லையாம். ஈபர்ப் என்பது கைக்கு அடக்கமான அபாயக் குறிப்பான். தண்ணீரில் விழுந்தாலோ சுவிட்சைப் போட்டாலோ 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குச் சைகை அனுப்பும், குறைந்தது 48 மணி நேரம் அனுப்பிக்கொண்டே இருக்கும். இந்தச் செயற்கைக்கோள் ஏற்பாட்டின் பெயர் காஸ்பாஸ்-சார்சாட். பனிப்போர் உச்சத்தில் இருந்த 1979இலேயே அமெரிக்கா, சோவியத் யூனியன், கனடா, பிரான்ஸ் நான்கும் சேர்ந்து கையெழுத்திட்டுத் தொடங்கியது. அதன் மூலம் நடந்த முதல் மீட்பு 1982 செப்டம்பரில். கலஹன் கரை சேர்ந்தது அதே ஆண்டு ஏப்ரலில், ஐந்து மாதம் முந்திவிட்டார் பாவம். அவருக்கு அந்த வசதி இல்லை, மிதந்தார். 2013 படத்து மனிதருக்கு அப்படி ஒரு சாக்கு கிடையாது. ஈபர்ப் இருந்திருந்தால் படம் முக்கால் மணி நேரத்தில் முடிந்திருக்கும் என்பது எனக்கும் புரிகிறது, இருந்தாலும் படகோட்டத் தெரிந்தவர்கள் பல பேருக்கு அந்த இடம் உறுத்தியது. நம்ப முடியாத காட்சி என்று கட்டுரையாளர் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால் இதைச் சொல்லியிருக்கலாம்.

தொடக்கத்தில் படகைக் குத்திக் கிழிக்கும் கன்டெய்னரையும் அவர் கொஞ்சம் கிண்டலாகத்தான் தொட்டிருந்தார், "நடுக்கடலில் எங்கிருந்தோ ஒரு இரும்புப் பெட்டி" என்று. எங்கிருந்தோ இல்லை, எங்களைப் போன்ற கப்பல்களிலிருந்துதான். 2020 நவம்பரில் ஒன் ஏபஸ் என்ற கப்பல் பசிபிக்கில் ஒரே புயலில் 1,800க்கும் மேற்பட்ட பெட்டிகளை இழந்தது. உலகக் கப்பல் கழகத்தின் கணக்குப்படி 2022இல் 661, 2023இல் 221 பெட்டிகள் கடலில் விழுந்தன. பெரும்பாலானவை மூழ்கிவிடும். உள்ளே இருக்கும் சரக்கு மிதக்கிற ரகமாக இருந்தால் பெட்டி நீர்மட்டத்துக்கு விரல்கடை உயரத்தில், கண்ணுக்கும் ரேடாருக்கும் தெரியாமல் கொஞ்ச காலம் கிடக்கும். படத்துப் பெட்டியில் இருப்பவை காலணிகள். அதுவும் நடந்ததுதான்: 1990இல் ஹன்சா கேரியர் என்ற கப்பலிலிருந்து விழுந்த பெட்டிகளிலிருந்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட காலணிகள் பசிபிக்கில் கொட்டி, மாதக்கணக்கில் வட அமெரிக்கக் கரைகளில் ஒதுங்கின. பெட்டி விழுந்தால் உடனே அக்கம்பக்கத்துக் கப்பல்களுக்கும் கரைக்கும் தெரிவிக்க வேண்டும் என்ற கட்டாய விதி 2026 ஜனவரி 1 முதல்தான் நடைமுறைக்கு வந்திருக்கிறது. இவ்வளவு காலம் ஏன் ஆயிற்று என்று என்னைக் கேட்காதீர்கள், கப்பல் கம்பெனிகளைக் கேளுங்கள்.

உங்களிடம் ஒரு கோரிக்கை. கடலில் தனியாகத் தப்பியவர் கதை ஆண்டுக்கு ஒன்றாவது உங்கள் பத்திரிகையில் வருகிறது. அடுத்த முறை வரும்போது அவர் எத்தனை நாள் தாக்குப்பிடித்தார் என்பதோடு, அவரை யார், எதை வைத்துப் பார்த்தார்கள் என்பதையும் உங்கள் நிருபரைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். கையில் ஈபர்ப் இருந்ததா, அது உரியவர் பெயரில் பதிவு செய்யப்பட்டிருந்ததா என்பதையும். பதிவு செய்யாத கருவியிலிருந்து சைகை வந்தால் அது யாருடையது, நிஜமா, தவறுதலாக அழுத்தியதா என்று விசாரிக்கக் கரையில் இருப்பவர்களுக்கு ஒரு தொலைபேசி எண்கூட இருக்காது. புதிதாகப் படகு வாங்குகிறவர் எவராவது அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு அன்றைக்கே பதிவு செய்தால் நல்லதுதானே.

கடைசியாக ஒரு சிறு திருத்தம். படம் பசிபிக் பெருங்கடலில் நடப்பதாகக் கட்டுரையில் அச்சாகியிருக்கிறது. அது இந்தியப் பெருங்கடல். சுமத்ராவிலிருந்து 1,700 கடல் மைல் என்று படத்தின் தொடக்கத்திலேயே எழுத்தில் போடுகிறார்கள். இணையப் பதிப்பிலாவது மாற்றிவிடவும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சரக்குக் கப்பல் கேப்டன் ஒருவர்
(பெயர் வெளியிட வேண்டாம்)